கூட்டிப் பெருக்கிய கொல்லை

அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்குக் குழறும். எனக்கு மட்டும் துடைப்பத்தைத் தேடத் தோன்றும். இந்த ஒரு குணத்தால் என் மாமியாரின் கொல்லைக்கே வேட்டு வைக்க இருந்தேன்.

எழுபதுகளில் நடந்தது. நாகூர்க்காரியான நான் வலங்கைமானுக்கு வாழ்க்கைப்பட்ட புதிது. எங்கள் வீடு ஒரு பண்ணையாரின் மனையில் இருந்தது. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்ததும், பண்ணையின் காரியக்காரர் கோபால் ஒரு தாவாவைக் கிளப்பினார். வீடு வேண்டுமானால் அவர்களுடையது, பின்னால் இருக்கும் கொல்லை சும்மா கிடக்கும் தரிசு, அது பண்ணைக்குத்தான் என்றார். சும்மா கிடக்கிறதாம்! மாமி குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, அவரையும் புடலையும் கத்தரியும் காய்க்க வைத்த இடம் அது. நேரில் பார்த்து முடிவு சொல்ல ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வருவதாக ஏற்பாடு.

மாமி அப்போது திருவிடைமருதூரில் மகள் வீட்டில் இருந்தார். மச்சான் (என் வீட்டுக்காரர்தான், எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம்), "நாளைக்கு ஆபீசர் கொல்லையப் பாக்க வர்றாரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கொல்லைக்கு ஓடினேன். பந்தலில் பழுத்த இலை, தரையெல்லாம் சருகு, கீரைப் பாத்தியில் சேறு. அல்லாவே, இந்தக் குப்பையைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? எங்கள் கடற்கரைப் பக்கம் சுத்தம் என்றால் கூட்டிய கோடு தெரியும் வெறும் மணல்தான். பயிர் பச்சையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? (இப்போது கேளுங்கள், புத்தகமே போடுவேன்.)

காய்களை ஒன்று விடாமல் பறித்தேன். கீரையை வேரோடு பிடுங்கினேன். கொடியை அறுத்து, கத்தரிச் செடியைக் களைந்து, எல்லாவற்றையும் ஆடுகளுக்குப் போட்டேன். பந்தல் கழிகளை அடுக்கி, பாத்தியை மிதித்துச் சமன் செய்து, தண்ணீர் தெளித்துப் பெருக்கினேன். வருகிறவரைப் பட்டினியாக அனுப்பலாமா? மறுநாள் காலையில் கூட்டு, பொரியல், மசியல் என்று அடுப்பு நிறைய ஆக்கினேன். மிஞ்சிய காயைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். கோபால் வீட்டுக்கும்தான். தாவா ஆம்பளைகளுக்குள்ளே, அவர் மனைவி செல்லம்மாவோடு எங்களுக்கு என்ன சண்டை?

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மாமி நேராகக் கொல்லைக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாவி மவளே, பயிர் இருக்கறதைக் காட்டத்தானே அவர வரச் சொன்னது! தரிசுன்னவன் வாயில சக்கரைய அள்ளிப் போட்டுட்டியேடி!"

அப்போதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. அழக்கூட நேரமில்லை, வாசலில் ஆர்.ஐ., கூடவே மச்சான், பின்னால் கோபால்.

கொல்லையைப் பார்த்ததும் மச்சானின் முகம் வெளுத்தது. கோபாலுக்கோ கொள்ளைச் சந்தோஷம். "பாருங்க சார், புல்லு பூண்டு இருக்கா? நான் சொன்னது பொய்யா?"

"எங்கம்மா காய்கறித் தோட்டம்?" என்றார் ஆர்.ஐ.

"சட்டியில இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அடுப்படிக்கு அழைத்துப் போய், மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். "இது புடலங்காக் கூட்டுங்க. இது அவரைக்கா. கொடியெல்லாம் ஆடு தின்னுடுச்சுங்க."

"சந்தையில வாங்கி ஆக்கினது சார்" என்றார் கோபால். ஆர்.ஐ. ஆட்டைப் பார்த்தார். ஆடு அசை போட்டதே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. என்னைப் பூமி விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துச் சந்து வழியாகக் கூடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள் செல்லம்மா. உள்ளே அடுப்படியில் இத்தனை ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"ஜொஹரா, இந்தா கூடை. கத்திரிக்கா என்னா பிஞ்சு! வருசா வருசம் உங்க கொல்லைக் காயத் தின்னு பழகி, எங்க வீட்டுக்காரரு சந்தைக் காய வச்சா தட்டத் தள்ளிடறாரு. இப்பகூட ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டுத்தான் எங்கயோ கிளம்பிப் போனாரு."

ஆர்.ஐ. மெல்லத் திரும்பிக் கோபாலைப் பார்த்தார். கோபால் தன் வேட்டி நுனியைப் பார்த்தார். "போதும், வேற சாட்சி வேணாம்" என்று ஆர்.ஐ. சிரித்துவிட்டார். சாப்பிடச் சொன்னோம், வேலையாக வந்த இடத்தில் கை நனைக்க மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். அவ்வளவு சமையலையும் மூன்று வேளை நாங்களே தின்று தீர்த்தோம். மாமி ஒவ்வொரு வாய்க்கும் என்னைத் திட்டினார், ஆனால் நன்றாகச் சாப்பிட்டார்.

கொல்லை மாமி பேருக்கே வந்தது. இப்போது என் பேரனுக்குப் பெண் பார்க்கிறோம். பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகப் போன வாரம் சொல்லி அனுப்பினார்கள். செய்தி கேட்டதும் மச்சான் தட்டுத் தடுமாறி எழுந்து போய், வீட்டில் இருந்த துடைப்பங்களை எல்லாம் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு வந்து கேட்டார்:

"மாப்பிள்ளைப் பையனையாவது அவங்க பாக்கற மாதிரி விட்டு வைப்பியா?"