எட்டு மாடித் தொக்கு

எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லா ஜன்னலும் இருட்டு. நான்காம் மாடி பால்கனியில் மட்டும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் காட்டப்போகும் விளம்பரப் படத்தில் தொக்கு பாட்டிலின் லேபிள் சரியாக அங்கேதான் விழ வேண்டும்.

லியூபென் தலையில் கை வைத்துக்கொண்டான். பிளெவன் நகரத்தில் கட்டடச் சுவர்களையே திரையாக்கி விளம்பரப் படம் காட்டுகிறவன் அவன். விளக்கை அணைத்தால் ஆளுக்கொரு பாட்டில் தொக்கு இலவசம் என்று அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் தொக்குக் கம்பெனி முதலாளி பெஞ்சேவ் வருகிறார். படம் பிடித்துப்போனால் பன்னிரண்டு ஊர்களில் வேலை. இல்லாவிட்டால் மாமனார் கடையில் டயர் மாற்ற வேண்டியதுதான். மாமனார் அவன் அளவுக்கு நீலச் சட்டைகூட வாங்கி வைத்துவிட்டார்.

மூச்சிரைக்க மாடியேறினான். பால்கனியில் ராட்கா அத்தை, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலிருந்த பெரிய பானையில் சிவப்புக் குடைமிளகாய்த் தொக்கு கிளறிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அரை மணி நேரம் லைட்டை அணைச்சிடுங்களேன்."

"இருட்டுல கிளறி அடிபிடிச்சா நீயா திம்பே?"

"அப்போ அடுப்பையாவது நிறுத்துங்க."

"ஊரே தொக்கு கிளறுற செப்டம்பர் மாசத்துல அதை நிறுத்தச் சொன்ன முதல் ஆளு நீதான். எந்த ஊரு உனக்கு?"

"இதே ஊருதான்."

"வெளியே சொல்லிக்காதே."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே, அத்தை."

"உன் பாட்டிலை வாங்கினவங்க ஒத்துக்கிட்டாங்க. நான் வாங்கலையே."

லியூபென் கறுப்புத் துணி கொண்டுவந்து பால்கனியை மூடினான். வெளிச்சம் மறைந்தது. ஆனால் வெளியே போக வழியில்லாத ஆவி வீட்டுக்குள் புகுந்து, மாடிப்படியில் ஏறி, ஐந்தாம் மாடி அசெனின் மூக்கைத் தொட்டது. அவர் தீ பிடித்துவிட்டது என்று கதவு கதவாகத் தட்டினார். இரண்டே நிமிடத்தில் கட்டடம் முழுக்க விளக்கு. கல்யாண வீடு தோற்றது.

"பானையைக் கீழே கொண்டுபோயிடலாம்" என்றான் லியூபென், அழாத குறையாக.

அசெனும் அவனும் தூக்கினார்கள். சட்டையில் பாதி சிவப்பாயிற்று. முற்றத்தில் கல் கூட்டி விறகு மூட்டினார்கள். தொக்கு இறங்கிவிட்டால் வீட்டில் யார் இருப்பார்கள்? விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு ரொட்டியோடு குடியிருப்பே கீழே வந்தது.

சுவர் இருட்டாகிவிட்டது. லியூபென் படத்தை ஓட்டினான். அதற்குள் ஈர விறகு புகைந்து சுவர் முழுக்கப் படர்ந்தது. போதாததற்கு, அத்தனை பேரும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானையைப் பார்த்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெஞ்சேவின் கார் வந்தது.

அவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். படத்தில் எட்டு மாடி உயரத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய்கள் நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. அவற்றிலிருந்தே புகை எழுவது போலிருந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"வாசனைகூட வருதே. இதுவும் உன் ஏற்பாடா?"

லியூபென் சட்டைக் கறையைக் கையால் மறைத்துக்கொண்டான். "கலைன்னா மூக்குக்கும் வேலை இருக்கணும் சார்."

"பன்னிரண்டு ஊரிலும் இதே மாதிரி வேணும்." ஒப்பந்தத்தைக் கார் முன்பக்கத்தின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

நீலச் சட்டை இனி மாமனாருக்கே. லியூபெனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, பானையில் மிச்சமிருந்த கடைசித் தொக்கை ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அப்போது பெஞ்சேவின் டிரைவர் ஒரு பெட்டி நிறையக் காலி பாட்டில்களோடு ராட்கா அத்தையிடம் வந்தான்.

"அத்தை, எங்க முதலாளி வீட்டுக்கு வருஷா வருஷம் தர்ற இருபது பாட்டில் ரெடியா? கம்பெனித் தொக்கை அவர் வாயில வைக்கமாட்டாரு."