மூன்றாம் மாடியின் பூட்டு

ஃபைல் மறுபடியும் பூட்டிக் கிடந்தது. பூட்டியவர் யார் என்று திரை சொன்னது: மூன்றாம் மாடி.

"இன்னிக்கும் பூட்டிக்கிச்சா" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி அவன் அலுத்துக்கொண்டான். அலுத்துக்கொண்டவன் நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவித் தலையை வாரிக்கொண்டான்.

அலுவலகத்தில் அவனுக்குப் பூட்டுக்காரன் என்று பெயர். பல கணினிகள் ஒரே ஃபைலைத் திறக்கும்போது, ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடாமல் பூட்டுப் போடுகிற பகுதியை எழுதியவன் அவன்தான். ஃபைலை மூடியதும் பூட்டு தானாக விடவேண்டும். புதிய பதிப்பில் சில சமயம் விடுவதில்லை. பூட்டியவரிடம் நேரில் போய்க் கேட்டுத்தான் விடுவிக்க வேண்டும். ஒரே ஒரு வரிப் பிழை. அதை அவன் கண்டுபிடித்து வெகு நாளாகிறது. திருத்தத்தான் மனம் வரவில்லை.

திருத்திவிட்டால் மூன்றாம் மாடிக்கு எதைச் சாக்குச் சொல்லிக்கொண்டு போவது?

மூன்றாம் மாடியில் சோதனைப் பிரிவு. ஜன்னலோர மேஜையில் அவள். பக்கத்தில் எப்போதும் ஒரு காலி நாற்காலி. அதில் உட்கார அவனுக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை.

"ஃபைல் பூட்டியிருக்கு."

"ஐயோ, மூடிட்டேன்னுதான் நெனச்சேன்."

"நீங்க மூடிட்டீங்க. என் பூட்டுதான் விடல."

"பாவம், உங்களுக்குத்தான் தெனமும் படியேற வேண்டியிருக்கு."

"நடந்தா உடம்புக்கு நல்லதுங்க."

மாதக்கணக்காக யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் போய், வாயில் வந்தது இதுதான். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவனின் வாய்க்கு யார் பூட்டுப் போட்டார்களோ தெரியவில்லை. அவள் மெதுவாக ஏதோ தட்டினாள். பூட்டு விட்டது. அவன் படியிறங்கினான். இறங்கும்போதே மறுநாள் காலை எப்போது வரும் என்று ஏங்க ஆரம்பித்துவிட்டான்.

மேலாளர் கூப்பிட்டார்.

"பூட்டு விடலன்னு ஆபீசே புலம்புது. என்ன பண்றீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"இன்னும் எத்தன நாள் பாப்பீங்க?"

ஆயுள் முழுக்கப் பார்க்கலாம் என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல முடியுமா? உண்மையான பிழையைத் தொடாமல், ஒப்புக்கு ஒரு வைத்தியம் செய்தான். கொஞ்ச நேரம் யாரும் எழுதாவிட்டால் பூட்டு தானே விட்டுவிடும், மூன்றாம் மாடி நீங்கலாக.

வாராந்திர அறிக்கையைப் பாதி எழுதிவிட்டு மேலாளர் டீ குடிக்கப் போனார். பூட்டு விட்டது. கட்டடப் பராமரிப்புக்காரர் அதே அறிக்கையில் தன் பங்கை எழுதினார். 'எங்கள் சேவையின் சிறப்பு என்னவென்றால், கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது' என்று வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதைச் சரிசெய்ய அவன் இன்னொன்று செய்தான். வேகத்துக்காக ஒவ்வொரு கணினியும் ஃபைலின் நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும். இனி அசல் ஃபைல் இருக்கிற சர்வரை அடிக்கடி கேட்க வேண்டாம், அந்த நகலையே நம்பு என்று விட்டுவிட்டான். பூட்டுச் சண்டையே வராதல்லவா?

சண்டை வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மேலாளர் அறிக்கையைத் திருத்தி, வாடிக்கையாளர் முன்னால் கூட்டத்தில் திறந்தார். கூட்ட அறைக் கணினி தன்னிடமிருந்த பழைய நகலைக் காட்டியது.

"திருத்தினது எங்கய்யா? இன்னும் குழா ஒழுகிக்கிட்டே இருக்கு."

அன்று மாலை அவர் முடிவெடுத்துவிட்டார். "எல்லாத்துக்கும் மூலம் அந்த மூணாம் மாடி மெஷின்தான். தெனமும் அங்கதான பூட்டிக்குது? நாளைக்குக் காலையிலயும் பூட்டியிருந்தா, அந்தப் பொண்ணையும் மெஷினையும் சேத்து ஆத்துக்கு அந்தப்பக்கக் கட்டடத்துக்கு அனுப்பிடறேன்."

பூட்டுக்காரன் இருதலைக்கொள்ளி எறும்பானான். திருத்தினால் அவளைப் பார்க்கப் போக வழியில்லை. திருத்தாவிட்டால் பார்க்க அவளே இருக்கமாட்டாள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, தலைக்கு மேலே எங்கோ அவள் நடமாடுகிறாள் என்ற நினைப்பாவது மிஞ்சட்டும். தன் இரண்டு வைத்தியங்களையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்பினான். வீட்டுக்குப் போகிறவன் வழியெல்லாம் மூன்றாம் மாடி ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

காலையில் கணினியைத் திறந்தான். பூட்டியிருந்தது. பூட்டியவர்: மூன்றாம் மாடி.

சர்வர் அறைக்கு ஓடினான். அந்தக் குளிரில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் எல்லோருக்கும் அக்கா.

"அக்கா, என் திருத்தம் ஏறலையா?"

"நேத்தே எல்லா மெஷின்லயும் ஏத்திட்டேனே. மூணாம் மாடிய மட்டும்தான் விட்டேன்."

"அதத்தான்க்கா மொதல்ல ஏத்தியிருக்கணும். அவங்கள மாத்திடப் போறாங்க. என் பிழையால அவங்க போகணுமா?"

அக்கா அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் பிழை அந்த மெஷினுக்கு வந்ததே இல்லப்பா, அதுல இன்னும் பழைய பதிப்புதான் ஓடுது. தெனமும் வந்து ஒக்காந்ததும் அவளே கமாண்ட் அடிச்சுப் பூட்டிடறா. நீ படியேறி வந்தப்புறம்தான் விடறா."