பட்டியலை ஒட்டக் கறந்தபோது

வடக்கே ஜீந்து நகரத்துக்கு வெளியே இருக்கும் எருமை ஆய்வு நிலையத்தில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. எருமைகளால் வந்த நெரிசல் இல்லை அது. பால் போட்டிக்கு வந்த அவை திடலில் ஒழுங்காக அசைபோட்டுக்கொண்டிருந்தன. மேடைக்கு முன்னால் முண்டியடித்ததெல்லாம் படித்தவர்கள். இந்த வருடத்து உலக எருமை அறிஞர் பட்டியல் அன்று வெளியாகிறது. வெளியிடுபவர் ஓம்வீர் கௌசிக். முதலிடமும் ஓம்வீர் கௌசிக்குக்குத்தான். தராசும் அவர், சரக்கும் அவர். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

அவருடைய வித்தை இதுதான். ஆராய்ச்சிக்காரர் கட்டுரை எழுதினால், யார் யாருடைய வேலையைப் பார்த்து எழுதினேன் என்று கடைசியில் பேர் போடுவார். அதற்கு மேற்கோள் என்று பெயர். உன் பேர் எத்தனை கட்டுரையின் வாலில் தொங்குகிறதோ, அத்தனை பெரிய அறிஞன் நீ. எருமை பிழைத்ததா செத்ததா என்று அந்தக் கணக்கு கேட்காது.

பேர் தொங்காதவர்கள் ஓம்வீர் முன்னால் போய்க் கைகட்டி உட்காருவார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து, உன் பேர்மேல் சனி உட்கார்ந்திருக்கிறான் என்பார். பரிகாரமும் வைத்திருப்பார். சந்தா கட்டிச் சங்கத்தில் சேர வேண்டும். சங்கத்தார் ஒவ்வொருவரும் தம் கட்டுரையின் வாலில் மற்ற எல்லாருடைய பேரையும் கட்ட வேண்டும். ஓம்வீர் பேரைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். அவர் நடத்தும் பத்திரிகையில் அச்சாக வேண்டுமானால் இன்னும் கூடுதலாக. கன்றுக் கழிச்சலைப் பற்றி எழுதியவரும், குளம்பு அழுகலைப் பற்றி எழுதியவரும், ஓம்வீர் எழுதிய 'எருமையின் மனநிம்மதி' கட்டுரைக்குக் கடைசியில் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அதோடு நின்றதா? ஊர்க்காரர்கள் போன வருடத்துப் பட்டியலின் நகலை வாங்கிப் போய்க் கொட்டிலில் கட்டினார்கள். கண்ணேறு படாமலிருக்க முன்பு அங்கே கறுப்புச் சட்டி தொங்கியது. இப்போது ஓம்வீர் தொங்கினார். பால் ஏறியது என்றார்கள். தீவனம் போட்ட வீட்டில் ஏறியது. போடாத வீட்டில் ஓம்வீர் சும்மா தொங்கினார்.

நிலையத்து மாட்டு டாக்டரம்மா சுதேஷ் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் பேரைத் தேட வேண்டுமென்றால் அடியிலிருந்து தேட வேண்டும். அதற்காக அவர் வருத்தப்படவில்லை. அவருடைய கவலை ஒரு வண்டி. மருந்தும் சோதனைச் சாமானும் ஏற்றிக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போய் மடிநோய் பார்க்கிற வண்டி. இனிமேல் அது முதலிடத்துக்காரருக்கு என்று இயக்குநர் பூனியா காலையில் சொல்லிவிட்டார். அவருக்கு எதற்கு வண்டி என்று சுதேஷ் கேட்டார். உலகத்து முதல் ஆள் ஊர் ஊராகப் போய் முகம் காட்ட வேண்டாமா என்று பூனியா திருப்பிக் கேட்டார். வண்டியின் பக்கவாட்டில் ஓம்வீர் படத்தை எழுத ஓவியனும் வந்து நின்றான்.

மடிநோய் காத்திருக்காது. இன்றைக்கு ஒரு காம்பு கல்லாகும், நாளைக்கு அடுத்தது. ஒற்றை எருமையை நம்பி அடுப்பெரிகிற வீடுகள் அவை. சுதேஷுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கினார். பால் போட்டிக்கு அவர்தான் நடுவர் என்பதால், ஏதோ அறிவிப்பு என்று எல்லாரும் நினைத்தார்கள்.

முன்வரிசையில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த எருமைக்காரர் ஜில்லே சிங்கைப் பார்த்துக் கேட்டார். "பெரியப்பா, நேத்து சாயங்காலம் உங்க எருமைய என்ன செஞ்சோம்?"

"ஒட்டக் கறந்து பாலக் கீழ ஊத்திட்டீங்க. என் வயித்தெரிச்சலக் கிளறாத மகளே."

"எதுக்குக் கறந்தோம்?"

"காலையில கறக்காம மடியில அடைச்சு வச்சுப் போட்டிக்கு ஓட்டிட்டு வருவானுங்க. அந்தப் பாலு கணக்குல சேரக் கூடாதுன்னுதான்."

"யாரு அடைச்சு வைப்பாங்க?"

"என்னைய மட்டும் கேட்டா? இங்க உக்காந்திருக்கிறவன் அத்தன பேரும்தான்."

திடல் சிரித்தது. சுதேஷ் திரையைக் காட்டினார். ஓம்வீர் படத்துக்குக் கீழே அவருடைய மேற்கோள் எண்ணிக்கை பதினெட்டாயிரம் என்று மின்னியது.

"இந்த மடியும் ரொம்பப் பெருத்திருக்கு. மொதல்ல ஒட்டக் கறந்துட்டு அப்புறம் அளப்போம்."

ஓம்வீர் நாற்காலியிலேயே நிமிர்ந்தார். "இது விஞ்ஞானம்மா. மாட்டுக் கொட்டாய் இல்ல."

"நாம மாட்டுக் கொட்டாய்க்குத்தான சார் விஞ்ஞானம் பண்றோம்?"

பூனியா கையைப் பிசைந்தார். கூட்டம் கறங்க, கறங்க என்றது. கூட்டம் சொன்னால் அவர் தலையாட்டுவார்.

கணினிக்காரர் உட்கார்ந்தார். எந்த மேற்கோளைத் தள்ள வேண்டுமோ அதைத் தள்ளுகிற வசதி திரையில் தெரிந்த அந்தப் பட்டியல் பக்கத்திலேயே இருந்தது. முதல் நாளிலிருந்து இருந்தது. ஒருவரும் விரலை வைக்கவில்லை, அவ்வளவுதான். ஓம்வீர் தன் பேரைத் தானே போட்டுக்கொண்டதையெல்லாம் தள்ளச் சொன்னார் சுதேஷ். பாதி போயிற்று. சங்கத்தார் போட்டதைத் தள்ளினார்கள். ஆயிரங்கள் மறைந்தன. அவருடைய பத்திரிகையில் வந்ததைத் தள்ளினார்கள்.

ஒன்று.

திரை முழுக்க அந்த ஒற்றை எண் நின்றது.

ஓம்வீர் அசரவில்லை. "அந்த ஒண்ணு எங்கேருந்து வந்திருக்குன்னு பாருங்க. டென்மார்க். ஒரு வெள்ளைக்காரன் என்னப் படிச்சிருக்கான்."

சுதேஷ் அந்த வரியைத் திறந்து இந்தியில் வாசித்தார். 'கௌசிக் கூறிய முறையை எங்கள் மாடுகளிடம் செய்து பார்த்தோம். அவர் கூறிய எதுவும் நடக்கவில்லை.'

வெள்ளைக்காரன் படித்துத்தான் இருந்தான்.

அடுத்து என்னையும் கறங்கள் என்றார் சுதேஷ். அவர் எண்ணிக்கை மூன்று இலக்கத்தையே தொடவில்லை. கறந்ததில் கொஞ்சம் சொட்டி, மீதி அப்படியே நின்றது. உடனே திடல் அவர்தான் முதலிடம் என்று கூவியது. ஓம்வீர் கழுத்து மாலையை ஒருவர் கழற்றி சுதேஷை நோக்கி ஓடிவந்தார். பூனியாவுக்கும் மூச்சு வந்தது. அப்படியானால் வண்டி முதலிடத்துக்கே என்று அறிவித்தார். இவர்களுக்கு ஒரு கழுத்து வேண்டும். யார் கழுத்தாக இருந்தால் என்ன?

சுதேஷ் மாலையைத் தடுத்தார். "சார், அதுல எந்த எருமை பொழச்சுதுன்னு இருக்கா? என் கட்டுரைய யார் சொன்னாங்கன்னுதான் இருக்கு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாங்க. கொட்டில்ல வந்து பாருங்க. வண்டியால புண்ணியம் இல்லன்னா அங்கேயே சாவியக் குடுத்துடறேன்."

மறுநாள் பூனியா போனார். பளபளக்கும் காலணியோடு போனார். சாணியில் வழுக்கிய கொட்டிலில் அவருக்குப் பிடித்துக்கொள்ள எருமையின் வால்தான் கிடைத்தது. மூன்று வீடுகளில் மடி மெத்தென்றிருந்தது. நான்காம் வீட்டில் ஒரு காம்பு செத்துப்போயிருந்தது. வண்டி ஒரு நாள் பிந்தி வந்ததால்தான் என்று அந்த வீட்டுக்காரி பூனியாவிடமே சண்டைக்கு வந்தாள். வண்டி ஏன் பிந்தியது என்று அவர் அதட்டலாகக் கேட்டார். டீசலுக்கு நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று சுதேஷ் சொன்னார்.

வண்டி சுதேஷிடமே நின்றது. டீசல் கையெழுத்தும் அன்றே விழுந்தது.

ஓம்வீர் எங்கே என்கிறீர்களா? ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். உலக ஒட்டக அறிஞர் பட்டியல் தயாராகிறதாம். முதலிடம் முடிவாகிவிட்டது, மற்ற இடங்களுக்குத்தான் கூட்டம்.

அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எருமை வாங்கப் போனால் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறீர்கள், குனிந்து காம்பை இழுத்துப் பார்க்கிறீர்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறீர்கள். அறிஞன் என்று ஒருத்தனை உங்கள் தலைமேல் ஏற்றும்போது மட்டும், எந்தக் கடவுள் வந்து உங்கள் கையைக் கட்டிப்போடுகிறார்?