கவனக்குறைவு என்று நான் எழுதிய காயம்

ஒருவரைக் காயப்படுத்திவிட்டு, பழியையும் அவர் பேரிலேயே எழுதியவன் நான். அதுவும் நல்ல கையெழுத்தில்.

எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, பந்தல், ஓட்டல், கூரியர் என்று சுற்றிய எனக்கு (எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை) ஓர் ஆராய்ச்சியில் வேலை கிடைத்தது. காய்ச்சல் பரவினால் யாருக்கு, எங்கே, எதனால் என்று கணக்கெடுப்பார்கள் அல்லவா? அதே முறையில் டாக்டர் மேடம் ஒருவர் தச்சுப்பட்டறைக் காயங்களை ஆராய்ந்தார். ஆழ்வார்பேட்டையில் சில பட்டறைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். சைதாப்பேட்டையில் கரீம் பாயின் பட்டறை போன்றவற்றை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டார். வாரந்தோறும் சுத்தத்துக்கு மதிப்பெண் போட்டு, காயங்களைக் குறிப்பது என் வேலை.

"பாய் பட்டறையில ஒரு ஆணியைக்கூட நகர்த்தாதீங்க" என்று மேடம் சொல்லியிருந்தார்.

படுக்க இடமில்லாத எனக்குப் பட்டறைச் சாவியையே கொடுத்தவர் பாய். அவருக்கு வாராவாரம் பத்துக்கு இரண்டு போடக் கை கூசியது. மேடம் திங்களன்று நேரில் வருவதாக இருந்தது. ஞாயிறு முழுக்கப் பெருக்கி, கருவிகளை உயரவாரியாக அடுக்கினேன்.

அந்தக் குப்பைக்குள் எது எங்கே என்று பாயின் கைக்கு மனப்பாடம். திங்கள் காலை, வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கமான இடத்தில் சுத்தியலுக்குக் கை நீட்டினார். அங்கே உளி இருந்தது, கூர்முனை மேலே பார்த்தபடி. (பளபளவென்று தெரியட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன்.) ஆள்காட்டி விரலில் ஐந்து தையல்.

படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், வேலை போய்விடுமே என்ற பயத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன்.

மேடம் வந்து அதை உரக்கப் படித்தார். "அப்படியா பாய்?"

கட்டுப்போட்ட விரலோடு பாய் என்னைப் பார்த்தார். "ஆமா மேடம், என் கவனக்குறைவுதான். இவன் கைல சாவிய குட்த்தேன் பாரு!"

மேடம் அடுக்கியிருந்த கருவிகளைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருக்கலாம். என் வரியை அடித்துவிட்டு, சரியாக எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடமே நீட்டினார். 'காரணம்: நான்' என்று எழுதினேன். நான் கலைத்துவிட்ட பட்டறை ஒப்பிட உதவாது என்பதால், பாயின் பட்டறை ஆராய்ச்சியிலிருந்து போனது. கூடவே நானும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"இத்த குட்த்துட்டு எங்க போய் படுப்பே? வச்சிக்கோ. தொடப்பத்த மட்டும் தொடாத நைனா" என்றார்.

இன்றும் ரம்ஜானுக்குப் போனால், "கவனக்குறைவு மாமா வந்துட்டாரு!" என்று அவருடைய பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். உடனே பாய் கதையை ஆரம்பிப்பார். அந்த ஆள்காட்டி விரல் இன்னும் மடங்குவதில்லை. அதனால் ஆள் யார் என்று காட்ட அவர் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.