ஊஃபர் இரண்டும் மனு எண் பதினான்கும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனைப் பாராட்டும் உலகம், அந்தச் சக்கரங்களுக்கு மேலே பன்னிரண்டு அங்குல ஊஃபர் ஸ்பீக்கரை ஏற்றிவைத்தவனைப் பாராட்டாமல் விட்டது வரலாற்றின் மாபெரும் ஓரவஞ்சனை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். எங்கள் இரைச்சல் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தலைமை அதிகாரி, தம் சொந்தக் காரில் 'பேஸ்' எனும் அடித்தொனியை வளர்த்த வரலாறு இது. நான் அங்கே கடிதப் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு எண் போடுவதும், போகிற கடிதத்தில் பிழை திருத்துவதும் என் பணி. ஆகவே வரிசை பிசகாமல் சொல்வேன்.

ஆதியில் அதிகாரியின் காரில் பாட்டு இருந்தது, பேஸ் இல்லை. "என்னய்யா இது, தகர டப்பாக்குள்ள கொசு பாடுற மாதிரி இருக்கு?" என்று அவர் வருந்தினார். அலுவலகமே வருந்தியது. வருந்தாத இருவர் அன்று விடுப்பில் இருந்தனர்.

ஸ்பீக்கர் கடைக்காரர் வரவழைக்கப்பட்டார். டிக்கியில் இரண்டு ஊஃபர்களைப் பெட்டியோடு இறக்கினார். இருந்த கொஞ்சநஞ்ச பேஸும் போயிற்று. உடனே ஆலோசனைக் கூட்டம் நடந்தது. இரண்டாவது டீக்குப் பிறகு கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

"சார், ஒண்ணுக்கு வயரை மாத்திக் குடுத்துட்டேன். ஒண்ணு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது. ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. சேந்து பாத்தா ஒண்ணுமே நடக்கல."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லு" என்றார் அதிகாரி. நாங்கள் பதவி வரிசைப்படி சிரித்தோம்.

வயரை மாற்றியதும் பேஸ் வந்தது. கூடவே நான்கு கதவுகளும் கடகடவென்று ஆடின.

"கதவு அட்டைக்குப் பின்னாடி எதையாவது திணிக்கணும் சார். கெட்டியா மடிச்சு, அசையாத பொருளா இருக்கணும்."

எங்கள் அலுவலகத்தில் கெட்டியாக மடித்து, பல ஆண்டுகளாக அசையாமல் இருக்கும் பொருள் ஒன்றுதான்: பொதுமக்களின் மனுக்கள். மூன்றாண்டு மனுக்கள் நான்கு கதவுக்கும் கச்சிதமாகப் பொருந்தின. புதிதாக வருபவை டிக்கிக்கு அனுப்பப்பட்டன. இரைச்சலைக் குறைக்கக் கோரிய மனுக்கள் ஓர் இரைச்சலை உண்மையிலேயே குறைத்தது, எங்கள் அலுவலக வரலாற்றில் அதுவே முதல் முறை.

அடுத்து, பேஸை அளக்க வேண்டும். சத்தம் அளக்கும் மீட்டர் அலுவலகத்தில் ஒன்றே ஒன்று. அது அதிகாரியின் டாஷ்போர்டில் குடியேறியது. 'கருவி பரிசோதனையில் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதினேன். தினமும் மதியம் சாப்பாட்டு வேளையில் அலுவலகத்துக்குப் பின்தெருவில் காரை நிறுத்திச் சோதனை நடந்தது. "பேஸை எடைபோடணும்னா அமைதியான தெரு வேணும்யா" என்பது அதிகாரியின் ஆழ்ந்த கருத்து.

அமைதியான அந்தத் தெருவின் ஒரு மாடி வீட்டில் நர்ஸ் ஒருவர் குடியிருந்தார். ராத்திரி டியூட்டி, தூங்குவதெல்லாம் பகலில். அவர் தபாலில் அனுப்பிய பதின்மூன்று மனுக்களும் டிக்கியில் 'நடவடிக்கையில்' இருந்தன. பதினான்காவதை நேரில் கொண்டுவந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"சார், மூணு வாரமா மத்தியானம் ஒரு கார் வந்து நிக்குது. தும்தும்னு கட்டிலே ஆடுது. கண்ணே மூட முடியல. நேத்து வார்டுல மருந்தை மாத்தி ஊசியில ஏத்திட்டேன். பக்கத்துல இருந்தவ கையைப் பிடிச்சு நிறுத்தினா. இல்லேன்னா ஒரு குழந்தை போயிருக்கும் சார்."

"கார் நம்பர் என்னம்மா?" என்றார் அதிகாரி.

"மாடியிலேருந்து பாத்தா மேல்பக்கம்தான் தெரியுது. சாம்பல் கலர்."

"சாம்பல் கலர்ல ஊருக்குள்ள ஆயிரம் கார் ஓடுது. ஏன், என்னோடதே சாம்பல் கலர்தான்!"

"ஒரு தடவை வந்து அளந்து பாருங்க சார். வேற எதுவும் கேக்கல."

"மீட்டர் பரிசோதனையில இருக்குங்க" என்றேன் நான். அது பொய்யில்லை.

"அப்ப அது வர்ற வரைக்கும் இப்படியே உக்காந்திருக்கேன். இந்த ஆபீஸ் ரொம்ப அமைதியா இருக்கு" என்று பெஞ்சில் சாய்ந்துகொண்டார். அதிகாரி இளகிவிட்டார். மறுநாள் மதியமே ஆய்வு என்று உத்தரவாயிற்று.

மீட்டர் காரில் இருந்ததால் கார் போயிற்று. கார் போனதால் நாங்கள் போனோம். தெருமுனையிலேயே அதிகாரி பாட்டை நிறுத்தினார். "ஆய்வு நேரத்துல சத்தம் போடுறது சட்டப்படி தப்புய்யா." சட்டத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

நர்ஸ் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் அளந்தோம். மீட்டர் முப்பத்தெட்டு டெசிபலைத் தாண்டவில்லை. அதிலும் பாதி அதிகாரியின் மூச்சு. மனுதாரரிடம் கையெழுத்து வாங்க மாடிக்குப் போய் மூன்று முறை மணியடித்தேன். கதவு திறக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாதான் வெளியே வந்தார்.

"எழுப்பாதீங்க தம்பி, புண்ணியமாப் போகும். எத்தனையோ நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது. இடி விழுந்தாலும் எழுந்திரிக்காது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "கேட்டியாய்யா? எழுது!"

எழுதினேன். 'சத்தத்தால் உறங்க இயலவில்லை என்பது மனுதாரரின் புகார். ஆய்வின்போது மனுதாரர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது நேரில் உறுதிசெய்யப்பட்டது. எனவே புகார் உண்மைக்குப் புறம்பானது. மனு முடிக்கப்படுகிறது.' ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அதிகாரி கையெழுத்திட்டார். நகலைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம்.

அதிகாரி காரில் ஏறினார். "கடமை முடிஞ்சுது. இப்பக் கேளுய்யா, நம்ம பேஸை!"

கேட்டேன். மேலே மாடி ஜன்னல் படீரென்று திறந்தது. மீட்டர் நூற்றுப் பதினொன்றைத் தொட்டு நின்றது.

"எப்படி?" என்றார் அதிகாரி.

அந்த எண்ணைக் கோப்பில் ஏற்ற வேண்டியவன் நான் ஒருவன்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, "பிரமாதம் சார்" என்றேன்.