நாலு லிட்டர் பிள்ளைகள்

ஊதச் சொன்னால் அந்தப் பையன் உறிஞ்சினான்.

"உறிஞ்சாதே கண்ணு, ஊது! மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி."

ஊதினான். காற்றைவிட எச்சில்தான் அதிகம் வந்தது. டெக்னீஷியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கும் என்று டாக்டரம்மா ஓர் அட்டவணை போடுகிறார். அதற்கு நோய்நொடி இல்லாத நூறு பிள்ளைகள் வேண்டும். பெயர், வயது, உயரத்தை இயந்திரத்தில் அடித்துவிட்டுச் சில முறை ஊதினால் போதும், அவற்றில் மிகப் பெரிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். பள்ளி நூலகத்தில் மேசை போட்டாகிவிட்டது. பிள்ளைகள்தான் ஊதவில்லை.

அதட்டிப் பார்த்தார். ஒன்று அழுதது, துணைக்கு இன்னும் நாலு அழுதன. கடைசியில் தானே ஒரு குழாயை மாட்டி, கன்னம் சிவக்க ஊதிக் காட்டினார். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. புதுக்குழாய் மாற்றித் தந்ததும் சமர்த்தாக ஊதினார்கள். அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது.

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எட்டு வயசும் நாலு லிட்டர், பன்னெண்டு வயசும் நாலு லிட்டர்! வெளிநாட்டு அட்டவணை நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவராதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

மூன்றாம் நாள், நூறாவது பிள்ளைக்குச் சளி. டெக்னீஷியன் தன் ஒன்பது வயது மகளை உட்காரவைத்தார். வீட்டிலேயே பழகியவள், நேராக ஊதினாள்.

ஒன்று புள்ளி எட்டு.

"வெளிநாட்டு அட்டவணைப்படி இது சரிதானே, மேடம்?"

"நம்ம அட்டவணைப்படி பாதிகூட இல்லையேப்பா."

குழாயை மாற்றினார். ஒன்று புள்ளி ஏழு. உயரத்தை மறுபடி அளந்து ஊதச் சொன்னார். ஒன்று புள்ளி ஆறு. மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"போன மாசம் இருமினாளே, நான் கண்டுக்காம விட்டுட்டேனே!"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்றாள் மகள்.

"நீ பேசாதம்மா, மூச்சு வாங்கும்."

அப்பாவின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவளும் விசும்பத் தொடங்கினாள். டாக்டரம்மா எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினார்.

மூன்று நாளாகப் பிள்ளைகளை வரிசையில் அழைத்துவந்த வகுப்புத் தலைவி வாசலிலிருந்து கையைத் தூக்கினாள்.

"டாக்டர், எங்க எல்லாருக்கும் பேரை அடிச்சதும் முதல்ல அங்கிள்தான் ஊதினாரு, இவளுக்கு மட்டும்தான் இன்னும் ஊதலை!"