டுவேனின் இன்ஜினுக்கு மூச்சு வந்த கதை

இன்ஜினுக்குச் சக்தி கூடிவிட்டது. நடந்த தவறு அதுதான்.

சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்களில், பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜினைப் பொருத்துகிற கூட்டம் ஒன்று உண்டு. பிஸ்டன் கிடையாது. முக்கோண இரும்பு ஒன்று உள்ளே சுழலும். அந்தக் கூட்டத்துக்கு உலகத்தில் ஒரே கவலை: இன்னும் பத்து குதிரைசக்தி. கிடைத்தால், மேலும் பத்து. மினசோட்டாவில் டுவேன் ஹோவ்லண்ட் ஒருவருக்குத்தான் இருப்பதே போதும் என்றிருந்தது. கொஞ்சம் குறைந்தாலும் சந்தோஷம்.

காரணம், சகலை லைல். மனைவி மார்லிஸின் தங்கையும் லைலும் இருப்பது தெற்கு டகோட்டாவில். காரில் ஆறு மணி நேரம் என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையோடு தப்பித்தார் டுவேன். லைல் தன் இடுப்பு ஆபரேஷனை மயக்க ஊசியிலிருந்து ஆரம்பித்து முழுதாகச் சொல்வார். ஊசி போட்டுக்கொண்டவர் அவர், மயங்குவது டுவேன். விமானம் என்றால் இரண்டே மணி நேரம். ஞாயிறு தவறாமல் போகலாம் என்று மார்லிஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"ரெண்டு பேர் ஏறினா ஓடுபாதைக் கோடியில இருக்கற மரத்தைத் தாண்டாது, மார்லிஸ்."

"மூணு வருஷமா இதையே சொல்ற."

"மரமும் வளருது இல்ல?"

"இன்ஜின்ல அப்படி என்னதான் கோளாறு?"

"சொன்னா உனக்குப் புரியாது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடத்தியவள் அவள்.

மார்ச் மாசம். ரோட்டரிக்காரர்களின் மெயில் குழுவில் வெண்டல் என்று ஒரு புது ஆள் வந்தான். ஊர் நெப்ராஸ்கா. 'ஐயா, இரண்டு சீட் விமானம். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் இன்ஜின் ஏற மறுக்கிறது. நான் கற்றுக்குட்டி. உதவ முடியுமா?'

அந்தக் குழுவில் எல்லோருக்கும் ஒரே வியாதி. வீடு பற்றி எரிந்தாலும், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள். டுவேன் மூன்று பக்கம் எழுதினார். இன்ஜின் தன் மூடிக்குள் இருக்கிற சூடான காற்றைக் குடிக்கிறது. சூட்டுக் காற்றில் சத்து இல்லை. வெளியிலிருந்து குழாய் போட்டுக் குளிர்ந்த காற்றைக் கொடு. ப்ரொப்பெல்லர் இதழின் சாய்வைக் குறை. அது அளவுக்கு மீறிக் காற்றைக் கடித்து இன்ஜினைச் சுற்றவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ரோட்டரி சுற்றினால்தான் சக்தி.

ராத்திரிச் சாப்பாட்டில் அதே பேச்சு.

"நெப்ராஸ்காவுல ஒரு மக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டு இன்ஜினை ஓட்டறான்."

"பாவம். சொல்லிக் குடேன்."

"அதைத்தான் செய்றேன். குழாய் எத்தனை அங்குலம்னு கேக்கறான்."

"எத்தனை?"

"மூணு."

"வளைக்கலாமா?"

"மெதுவா வளைக்கணும். உனக்கெதுக்கு?"

"சும்மா பேச்சுக்கு. இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கோ."

வெண்டல் விடவில்லை. தினமும் ஒரு கேள்வி. ஒவ்வொன்றிலும் இரண்டு 'ஐயா'. டுவேனை ஐயா என்று யாரும் கூப்பிட்டு நாற்பது வருஷம் ஆகியிருந்தது. பத்து நாள் காலையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாலேயே போயிற்று. விமானக் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

பதினோராம் நாள் போனார். இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. மூன்று அங்குலக் குழாய். மெதுவாக வளைத்திருந்தது. ப்ரொப்பெல்லர் இதழின் சாய்வும் குறைந்திருந்தது. முழங்கை வரை கிரீஸோடு மார்லிஸ். பக்கத்துக் கொட்டகை கார்டி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்லிஸ் இன்ஜினைக் கிளப்பினாள். ஆறாயிரத்து ஐந்நூறு சுற்று. பின்னாலிருந்த புல் படுத்துக்கொண்டது. டுவேனுக்கும் படுக்க வேண்டும்போல் இருந்தது.

அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

"வெண்டல்..." என்றார் டுவேன்.

"சொல்லுங்க, ஐயா" என்றாள் மார்லிஸ்.

கையில் மிச்சமிருந்தது சட்டம் ஒன்றுதான். "ப்ரொப்பெல்லர்ல கை வச்சா ஆள் ஏத்தக் கூடாது. மொதல்ல அஞ்சு மணி நேரம் தனியாப் பறந்து சோதிக்கணும். எனக்கு ஒரு மாசம் ஆகும்."

"கார்டி பறந்தாச்சு."

"எப்போ?"

"அஞ்சு நாளா, தினமும் காலையில ஒரு மணி நேரம். நீ வீட்டுல உக்காந்து எனக்குப் பதில் எழுதிட்டிருந்தியே, அப்ப."

டுவேன் கார்டி பக்கம் திரும்பினார். "நீயெல்லாம் ஒரு சிநேகிதனா?"

"நானும் அந்தக் குழுவுலதானே இருக்கேன், டுவேன். உன் பதில் அவ்வளவு நல்லாயிருந்தது. செஞ்சு பாக்காம இருக்க முடியல."

"மரம்?"

"எங்கயோ கீழ கெடக்கு. பக்கத்து சீட்டுல மார்லிஸ் எடைக்கு மணல் மூட்டை கட்டித்தான் பறந்தேன்."

"அவ எடை எவ்வளவு?"

கார்டி மறுபடி பூட்ஸைப் பார்த்தார். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு விமானத்தின் பதிவுப் புத்தகத்தை நீட்டினாள். சோதனை நேரத்தை கார்டி நிரப்பியிருந்தார். 'குறையைச் சரிசெய்தவர்' என்ற இடம் மட்டும் காலி.

"எழுது. தங்கச்சி மத்தியானத்துக்கு பன்றிக்கறி அடுப்புல வச்சிட்டா. லைல் புது எக்ஸ்ரே வாங்கிட்டு வந்திருக்கானாம்."

டுவேன் பேனாவைத் திறந்தார். தன் பெயரை எழுதலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினார்:

மார்லிஸ் ஹோவ்லண்ட்.